தகவலாளர் பதினான்கு

நீங்களே ஜன்னலோரம் உக்காந்துக்கங்க சார். எனக்கு இந்தப் பக்கம்தான் சரிப்படும். மரியாதைக்குச் சொல்லலை, நெசமாத்தான். மதுரை மாட்டுத்தாவணியில ஏறினா திருச்சி வரைக்கும் நான் இப்படி நடைபாதைப் பக்கம்தான் உக்காருவேன்.

ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கையில வச்சிருக்கீங்களே விண்ணப்பம், அது மேல எழுதியிருந்ததைப் பார்த்துட்டேன். அச்சாபீஸ்காரன் கண்ணு சார், எழுத்து தலைகீழா இருந்தாலும் படிச்சிரும். பி.ஏ. சமூகவியல். யாருக்கு, பொண்ணுக்கா? அதானே பார்த்தேன். எனக்கும் ஒரு பொண்ணுதான். சுபாஷினி. அவளும் அதைத்தான் படிச்சா. அதனாலதான் கேக்கறேன், நல்லா யோசிச்சீங்களா?

நான் யோசிக்கலை.

அருப்புக்கோட்டையில சின்னதா பிரஸ் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீசு எல்லாம் நம்மகிட்ட அடிப்பாங்க. பேரு வேலாயுதம். சுபாவுக்குப் பன்னெண்டாவதுல மார்க் கொஞ்சம் குறைஞ்சிருச்சு. மதுரையில ஒரு காலேஜ்ல பி.காம். கேட்டுப் போனோம், இடமில்லைன்னுட்டாங்க. மேசைக்குப் பின்னால இருந்த அம்மா, "சமூகவியல்ல இடம் இருக்கு, போட்டுரவா?"ன்னு கேட்டுச்சு. நான் என்னமோ பள்ளிக்கூடத்துல படிச்சமே, அக்பர் பாபர், ஆறு மலை, அந்த மாதிரின்னு நினைச்சேன். பாங்க் பரீட்சை எழுத ஏதோ ஒரு டிகிரி இருந்தாச் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.

அக்பரும் இல்ல பாபரும் இல்ல சார். அது நம்ம வீட்டைப் பத்தின படிப்பு. அதை எனக்கு யாரும் சொல்லலை.

முதல் லீவுக்கு வந்தப்பவே தெரிஞ்சு போச்சு. பிரஸ்ல பைண்டிங் பாக்கறது பேச்சியம்மா. எங்கப்பா காலத்துல இருந்து இருக்கா. அவளுக்குன்னு ஒரு எவர்சில்வர் தம்ளர் ஜன்னல்ல தனியா கவுத்தி வச்சிருக்கும். நான் வைக்கச் சொன்னதில்லை, சத்தியமா. அவளாவே கழுவுவா, அவளாவே கவுத்துவா. நாப்பது வருசப் பழக்கம். சுபா வந்த மறுநாள் எல்லாத் தம்ளரையும் ஒரே சட்டியில போட்டுக் கழுவி அடுக்கி வச்சிட்டா. "இதுல பேச்சியம்மாவோடது எதுன்னு சொல்லுங்கப்பா பாப்போம்"ங்கிறா. எப்படிச் சொல்ல? எல்லாம் ஒரே கடையில வாங்கினது. அன்னையில இருந்து வெளிய கடையில போய்க் குடிச்சிட்டு வந்துர்றேன். அது வேற ஒண்ணுமில்ல, அந்தக் கடையில டீ நல்லாயிருக்கும்.

அதுவரைக்கும் கூடப் பரவாயில்ல. அதுக்கப்புறம் ஒரு படம் வரையச் சொன்னாங்க பாருங்க, காலேஜ்ல. அங்கதான் ஆரம்பிச்சது.

குடும்பத்துல மூணு தலைமுறைக்கு யார் யாருன்னு படம் போடணுமாம். ஆம்பளைக்கு முக்கோணம், பொம்பளைக்கு வட்டம். கல்யாணம் ஆகியிருந்தா நடுவுல ரெண்டு கோடு. செத்துப் போயிருந்தா மேல குறுக்க ஒரு கோடு. நம்மகிட்ட இருந்தே பெரிய ஆர்ட் பேப்பர் ஒண்ணு எடுத்து, பைண்டிங் மேசையில விரிச்சு வரைஞ்சிக்கிட்டிருந்தா. எங்கப்பா முக்கோணம், கோடு. எங்கம்மா வட்டம், கோடு. அதுக்குக் கீழ நான், என் தங்கச்சி கோமதி. பேச்சியம்மா பசை தடவிக்கிட்டே எட்டிப் பார்த்துட்டு, "ஏ பாப்பா, அப்பாவுக்கும் கோமுவுக்கும் நடுவுல ஒரு வட்டம் வரணுமே, செண்பகத்தை விட்டுட்டியே தாயி"ன்னா.

நான் கட்டிங் மிசின்ல நின்னேன். தாளைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கேன், அது சரியாத்தான் இருக்கு, இருந்தாலும் சரி பண்றேன். முன்னாடியா இருந்தா பேச்சி வாயே திறந்திருக்க மாட்டா சார். அந்தத் தம்ளர் பண்ணின வேலை.

"யாருப்பா செண்பகம்?"

"தங்கச்சி. இல்ல, இப்ப."

"அப்ப வட்டத்துக்குக் கோடு போடணும். எந்த வருசம் இறந்தாங்க?"

ஒரு வருசத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். "கோயில் கூட்டத்துல காணாமப் போயிட்டா"ன்னேன். அதுதான் நாங்க எல்லார்கிட்டயும் சொன்னது. அவ பென்சிலை வாயில வச்சிக்கிட்டு யோசிக்கிறா. "காணாமப் போனவங்களுக்குக் குறி எதுவும் இல்லையேப்பா. ஒண்ணு வெறும் வட்டம், இல்லைன்னா கோடு போட்ட வட்டம்"ங்கிறா. அப்புறம், "சரி, உயிரோட இருக்காங்கன்னே போடறேன்"னு ஒரு வட்டத்தைப் போட்டுட்டா.

கோமுவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கா. கோமு போனை வச்சிட்டா. என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாது, அவ அதுக்கப்புறம் வந்தவ.

உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது. அதனால சொல்றேன். தொண்ணூத்தி நாலுல எனக்கு இருபத்தஞ்சு வயசு. செண்பகவல்லி எனக்கு நாலு வயசு இளையவ. கோமு அவளுக்கு ரெண்டு வயசு இளையவ. செண்பகத்துக்குப் பதினெட்டு வயசுல ஆரம்பிச்சது. தனியா பேசுவா. மூணு நாள் நாலு நாள் தூங்க மாட்டா. தெருவுல இறங்கி நடந்துக்கிட்டே இருப்பா. மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்டா நல்லாத்தான் இருந்தா. ஆனா மாசாமாசம் அந்த டாக்டர் வாசல்ல போய் நிக்கணும். நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்துட்டா? அப்பா நிறுத்திட்டாரு.

கோமுவுக்கு வரன் பார்க்கறாங்க. ஒரு வீட்டுக்காரங்க வந்தாங்க, செண்பகம் கொல்லைப் பக்கத்துல இருந்து எட்டிப் பார்த்துச் சிரிச்சா, போயிட்டாங்க. இன்னொரு வீட்டுல இருந்து வந்தாங்க, "மூத்தது இருக்கையில இளையதுக்கு ஏன் பாக்கறீங்க?"ன்னு கேட்டாங்க, போயிட்டாங்க. மூணாவது சாத்தூர் மாப்பிள்ளை. நல்ல இடம். வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றோம்னு சொல்லி விட்டாங்க. அப்பா அன்னைக்குச் சாப்பிடறப்போ தட்டைப் பார்த்துக்கிட்டே, "வெள்ளிக்கிழமை அவ இங்க இருக்கக்கூடாது"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அம்மா மோர் ஊத்தினா. செண்பகம் அடுப்படியில சாப்பிட்டுக்கிட்டிருந்தா.

புதன்கிழமை நான் அவளைக் கூட்டிட்டுக் கிளம்பினேன். திருச்சி பக்கத்துல ஒரு கோயில் இருக்கு, அங்க நாப்பத்தெட்டு நாள் இருந்தாச் சரியாகும்னு சொன்னேன். சந்தோசமா வந்தா சார். தலை சீவிப் பூ வச்சிக்கிட்டு வந்தா. திருச்சி பஸ் ஸ்டாண்டுல இறங்கினோம். ஒரு சிமெண்டு பெஞ்சுல உக்கார வச்சேன். ஒரு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தேன். "இரு, கோயில் பஸ் எதுன்னு கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு, மதுரை பஸ் ஒண்ணு கிளம்பிக்கிட்டிருந்துச்சு, ஏறிட்டேன்.

ஏறணும்னு ஏறலை சார். பஸ் நின்னுச்சு, கால் ஏறிருச்சு. யாரும் என்கிட்ட "விட்டுட்டு வா"ன்னு சொல்லலை. அதையும் சொல்லணும். யாரும் சொல்லலை.

வீட்டுக்கு வந்து கோயில் கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டான்னு சொன்னேன். அப்பா சரின்னாரு. போலீசுக்குப் போகலை. அம்மா மட்டும் ஒண்ணு கேட்டா. "மாத்துச் சேலை கையில வச்சிருந்தாளா?"ன்னு. வச்சிருந்தாம்மான்னு சொன்னேன். சேலை இருந்த மஞ்சப் பை என் கையிலயே இருந்துச்சு சார். அதை பஸ்ஸுலயே சீட்டுக்கு அடியில தள்ளி விட்டுட்டேன்.

கோமு கல்யாணத்துக்கு நானே பத்திரிகை கோத்தேன். அப்போல்லாம் ஈய எழுத்து, ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கோக்கணும். எங்க வீட்டுப் பேரு வரிசையில அப்பா, அம்மா, நான். மூணு பேரு. சரியா வந்துச்சு.

என்ன சார் ஜன்னலை மூடிட்டீங்க? வெயிலா? சரி சரி.

நான் ஜன்னலோரம் உக்காராததுக்குக் காரணம் அதான். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் பெஞ்சு இருக்குமில்ல. பெஞ்சுல ஒரு பொம்பளை உக்காந்திருக்கும். வயசானது, சின்னது, யாராவது ஒண்ணு. பஸ் திரும்பையில அது நேரா என்னையே பாக்கற மாதிரி இருக்கும். முப்பது வருசத்துல நான் பாக்காத பெஞ்சு இல்ல.

அதைக்கூட விடுங்க. பத்திரிகை அடிக்கையில ஒண்ணு நடந்துச்சு. எங்கப்பா போன பிறகு கம்ப்யூட்டர் வாங்கிட்டோம். ஒரு நாள் பாளையம்பட்டிக்காரர் ஒருத்தர் வந்து ஐந்நூறு பத்திரிகையையும் மேசையில வச்சு, "யாருய்யா இது, எங்க வீட்டுல இப்படி ஒரு பேரே கிடையாதே"ங்கிறாரு. பார்க்கறேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்'ன்னு போட்டு, கீழ சுற்றம் வரிசையில நாலாவதா 'செண்பகவல்லி'. டைப் அடிக்கற பொண்ணைத் திட்டினேன். அழுதுக்கிட்டே, "நான் அடிக்கலை சார், அந்தப் பக்கம் நீங்க அடிச்சது"ங்குது. ஆமா, நான்தான் அடிச்சேன். அடிச்சது ஞாபகம் இல்ல. இன்னொரு தடவையும் வந்துச்சு, ஒரு புதுமனை புகுவிழாவுல. மூணாவது தடவை வந்தப்போ சுபா பக்கத்துல இருந்தா. ரெண்டாம் வருசம் படிக்கிறா அப்போ. புரூஃபைக் கையில எடுத்துப் படிச்சா. அந்தப் பேர்கிட்ட வந்ததும் நின்னுட்டா.

"அப்பா, மிசினை நிறுத்துங்க"ன்னா.

நிறுத்தினேன். எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்ட சொன்ன மாதிரியேதான் சொன்னேன். அவ அழுவா, கத்துவா, வீட்டை விட்டுப் போயிருவான்னு நினைச்சேன். போகலை. புரூஃபை மேசையில வச்சிட்டு, "இது நீங்க மட்டும் பண்ணினது இல்லப்பா. பொண்ணு பாக்க வந்தவங்க, தாத்தா, வாயை மூடிக்கிட்டு இருந்த தெரு, மூத்தவ இருக்கையில இளையவளான்னு கேட்ட ஊரு, எல்லாரும் சேர்ந்து பண்ணினது. நாங்க இதைத்தான் படிக்கிறோம்"னா.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? முப்பது வருசமா நெஞ்சுல கிடந்த கல்லை யாரோ பெயர்த்து எடுத்த மாதிரி இருந்துச்சு. படிப்பே சொல்லுது பாருங்க, தப்பு என்மேல இல்லைன்னு. "அப்படிச் சொல்லும்மா, ஊரு பண்ணினது"ன்னேன்.

அவ என்னை ஏறிட்டுப் பார்த்தா. "ஊருதான் பண்ணுச்சு. ஆனா பஸ்ஸுல ஏறினது உங்க கால்"னா. அதோட பேச்சை முடிச்சிட்டா.

இதென்ன படிப்பு சார்? ஒரு கையால எடுத்து இன்னொரு கையால வைக்கிற படிப்பு.

மூணாம் வருசம் ஆய்வேடுன்னு ஒண்ணு எழுதணும். அவ என்ன எடுத்தா? வீட்டுக்காரங்க தேடி வராத பொம்பளைங்க, காப்பகத்துல இருக்கறவங்க. திருச்சியைச் சுத்தி. எதுக்குத் திருச்சின்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை. சனி ஞாயிறு பஸ் ஏறிப் போயிருவா. பாங்க் பரீட்சைப் புத்தகமெல்லாம் மேல பரண்ல. "அது எனக்கு வேணாம்ப்பா"ன்னுட்டா. "பின்ன எதுதாம்மா வேணும்?"னேன். "தெரியலை. இவங்க வீடு எங்கேன்னு தேடற வேலையா எதாவது"ன்னா. அது ஒரு வேலையா? சொல்லுங்க.

அந்த ஆய்வுக்குக் காப்பகத்துல இருக்கறவங்க மட்டும் போதாதாம். கொண்டு போய் விட்டவங்க தரப்பும் வேணுமாம். ஒரு மத்தியானம் பிரஸ்ல எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தா. போனை நடுவுல வச்சா. ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னா. "இப்ப நான் உங்க மக இல்ல. உங்க பேரு எங்கயும் வராது. நீங்க தகவலாளர் பதினாலு. பதில் சொல்ல இஷ்டமில்லைன்னா சொல்ல வேணாம்"னா.

நான் சொல்றேன் சார், பெத்த பிள்ளை முன்னாடி பதினாலாம் நம்பரா உக்காந்து பாருங்க அப்பத் தெரியும்.

வரிசையாக் கேட்டா. என்ன வயசு, என்ன பஸ்ஸு, என்ன பேசினீங்க. எல்லாம் சொன்னேன். கடைசியா, "பஸ் கிளம்பறப்போ அத்தை உங்களைப் பார்த்தாங்களா?"ன்னு கேட்டா.

"இல்ல. அந்தப் பக்கம் திரும்பி டீ குடிச்சிட்டிருந்தா"ன்னேன்.

எழுதிக்கிட்டா.

அஞ்சு காப்பகம் போயிருக்கா. ஆறாவது முசிறி ரோட்டுல. நடத்தறவங்க ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. அங்க முக்காவாசிப் பேருக்கு ஊர்ப் பேருதான் பேரு. தேனி, பொள்ளாச்சி, பெரிய ஆந்திரா, சின்ன ஆந்திரா. சமையல்கட்டுல கீரை ஆய்ஞ்சிக்கிட்டிருந்த அம்மாவை யாரோ, "ஏ அருப்புக்கோட்டை, இங்க வா"ன்னு கூப்பிட்டிருக்காங்க.

சுபா அங்கேயே தரையில உக்காந்து கூடக் கீரை ஆய்ஞ்சாளாம்.

டீச்சரம்மா பழைய நோட்டை எடுத்துக் காட்டியிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல மூணு நாளா ஒரே பெஞ்சுல இருந்தவளைப் போலீசு கொண்டு வந்து விட்டதுன்னு எழுதியிருந்துச்சாம். மூணு நாள் சார். மழை வேற பெஞ்சிருக்கு. மாத்திரை குடுத்து ஒரே வருசத்துல நல்லா ஆயிட்டாளாம். "ஊர் எதுன்னு சொல்லு, கொண்டு போய் விடறோம்"னு கேட்டிருக்காங்க. ஊரைச் சொல்லியிருக்கா. தெருவைச் சொல்லலை. "எங்க கோமு கல்யாணம் முடியட்டும்"னு சொல்லியிருக்கா. அடுத்த வருசம் கேட்டதுக்கும் அதையே சொல்லியிருக்கா. அதுக்கடுத்து இவங்க கேக்கறதை விட்டுட்டாங்க.

கோமுவுக்கு இப்பப் பேரன் இருக்கு. நான் போன் பண்ணி, செண்பகம் கிடைச்சிட்டான்னு சொன்னேன். அழுதா, அப்படி அழுதா. அழுது முடிச்சிட்டு, "என் மருமக வீட்டுக்குத் தெரிய வேணாம்ணே"ன்னா. அதுவும் சரிதானே சார், அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கில்ல?

ஆய்வேட்டை நானே பைண்டிங் பண்ணினேன். மூணு காப்பி, நீலக் காலிகோ துணி அட்டை, மேல தங்க எழுத்து. தைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமாப் படிச்சேன். தகவலாளர் பதினான்கு ஒன்பது பக்கம் அளவுக்கு இருந்தாரு. நல்ல தமிழ்ல எழுதியிருக்கா. 'தங்கை அறியாத வேளையில் அவர் பேருந்தில் ஏறினார்'னு ஒரு வரி. அந்தப் பக்கத்தைக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். பேச்சியம்மா, "பசை காயுது"ன்னா. வச்சுத் தைச்சிட்டேன். முதல் வகுப்புல பாஸ் பண்ணினா. அந்த ஆய்வேட்டைப் பாராட்டி மேடையில பேசினாங்க. நான் மூணாவது வரிசையில உக்காந்து கை தட்டினேன்.

அப்புறம் வரன் பார்த்தோம். இராஜபாளையத்துல இருந்து. தங்கமான மாப்பிள்ளை. அவங்கம்மா சுபாவைப் பக்கத்துல உக்கார வச்சு, "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா? அப்பா கூடப் பொறந்தது ஒரு அத்தை மட்டும்தானா?"ன்னு சும்மா கேட்டாங்க. எல்லாரும் கேக்கறதுதான்.

"ரெண்டு அத்தை. ஒருத்தர் சாத்தூர்ல, ஒருத்தர் மனநலக் காப்பகத்துல. இப்ப நல்லா இருக்காங்க. கல்யாணத்துக்கு வருவாங்க"ன்னா.

கேசரி அப்படியே இருந்துச்சு. காப்பியை மட்டும் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. கார் கிளம்பின உடனே நான் கையை ஓங்கிட்டேன் சார். அடிக்கலை. "ஏண்டி சொன்ன? யாரு உன்னைக் கேட்டா?"ன்னு கத்தினேன். அவ பயப்படலை, நகரலை. "இந்தத் தடவை யாரைப்பா பஸ் ஏத்துவீங்க?"ன்னு கேட்டா.

என் வீட்டுக்காரி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

சுபா இப்பத் திருச்சியிலதான் இருக்கா. அந்தக் காப்பகத்துலயே வேலை. சம்பளம் ஒண்ணும் பெரிசில்ல. பொள்ளாச்சிக்கு வீடு கண்டுபிடிச்சிட்டா, தேனிக்குத் தேடிக்கிட்டிருக்கா. கண்டுபிடிச்சாலும் பாதி வீட்டுல கதவைத் திறக்க மாட்டாங்களாம். பக்கத்து வீட்டுல உக்காந்திருப்பாளாம், திறக்கற வரைக்கும். மேல படிக்கவும் போறா. கல்யாணத்தைப் பத்திக் கேட்டா, "சொல்லிட்டுத்தான் பண்ணிக்குவேன், கேட்டுட்டும் வர்றவன் வரட்டும்"ங்கிறா. அவ முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு, அதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்த முகத்தை நேராப் பார்க்க முடியலை.

மாசம் ஒரு தடவை நானும் போயிட்டு வர்றேன். இன்னைக்கும் அங்கதான் போறேன்.

முதல் தடவை போனப்போ சேலை வாங்கிட்டுப் போனேன். செண்பகம் வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. தலைமுடியைக் கட்டையா வெட்டியிருந்தாங்க, பாதி வெள்ளை. என்னைப் பார்த்தா. உடனே தெரிஞ்சுக்கிட்டா. "அண்ணே, வெயில்லயா வந்தே? உக்காரு"ன்னா. உக்காந்தேன். "வீட்டுக்குப் போகலாம், வா"ன்னேன். "இங்க நாப்பது பேருக்கு நான்தான் காய் நறுக்கணும்ணே"ன்னுட்டு வெண்டைக்காயை எடுத்துக்கிட்டா. முப்பது வருசம் கழிச்சுக் கூப்பிட வந்திருக்கேன், வரமாட்டேங்கிறா. எனக்குக் கோவம்கூட வந்துச்சு. ஒரு வார்த்தை திட்டலை. ஏண்ணே விட்டுட்டுப் போனேன்னு கேக்கலை. கேட்டிருந்தா சொல்ல ஒரு பதில் வச்சிருந்தேன். ஒரு வருசமாப் போறேன், கேக்கவே இல்ல. சாப்பிட்டியா, அண்ணி நல்லாயிருக்கா, வேற ஒண்ணும் இல்ல.

துவரங்குறிச்சி தாண்டிட்டோமா? நீங்க விராலிமலையில இறங்கணும்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.

உங்க பொண்ணு விருப்பப்பட்டா சேர்த்து விடுங்க சார். நான் சும்மா சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறதையெல்லாம் நீங்களே உக்கார வச்சுச் சொல்லிருங்க. அவங்களாக் கண்டுபிடிக்க விடாதீங்க.

நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு. சுபாகிட்ட சொல்லலை, ஆய்வேட்டுலயும் இல்ல. அந்த மதுரை பஸ்ஸுல நான் ஜன்னலோரம்தான் உக்காந்தேன். பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்புச்சு. பெஞ்சு நேரா வந்துச்சு. அவ டீ கிளாசை மடியில வச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா சார். இதோ, உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கற தூரத்துல ஒரு நாலு மடங்கு. கூப்பிடலை. எந்திரிக்கலை. பார்த்தா. நானும் பார்த்தேன். கண்டக்டர் விசிலடிச்சாரு.

போன மாசம் கேட்டுட்டேன். சுபா ஆபீஸ் ரூம்ல இருந்தா. செண்பகம் முறத்துல அரிசி புடைச்சிக்கிட்டிருந்தா. "செண்பகம், அன்னைக்குப் பஸ்ஸுல என்னை நீ பார்த்தியா?"ன்னேன். கை நிக்கலை. கல்லைப் பொறுக்கி ஓரமாப் போட்டா.

"பார்த்தேனே"ன்னா.

"பின்ன ஏன் கூப்பிடலை?"

அப்பத்தான் முறத்தைக் கீழ வச்சா. என்னைப் பார்த்துச் சொன்னா சார், சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி:

"நீ இறங்கி வந்துருவியோன்னு எனக்கு ஒரே பயமா இருந்துச்சுண்ணே."